முதல் வாரத்து இடியப்பம்

இடியப்ப உரலை இரண்டு கையாலும் பிடித்து, உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கி அழுத்திக்கொண்டிருந்தாள் மீனலோசனி. அந்த வீட்டில் இடியப்பம் பிழிகிறவள் அவள்தான். மாமியார் புனிதவதி தேங்காய் துருவுவார். சம்பலுக்கு உப்புப் பார்ப்பார். சொதி திரைந்துவிடாமல் அடுப்பைத் தணிப்பார். உரலை மட்டும் தொடமாட்டார். கணவன் விநாயகமூர்த்தி சாப்பிடுவான்.

இந்த வேலையை யாரும் அவளிடம் கொடுக்கவில்லை. கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு வந்த முதல் வாரம், புது வீட்டில் தூக்கம் பிடிக்காமல், எல்லோருக்கும் முன்னால் எழுந்து, அலமாரியில் உரலைக் கண்டெடுத்து, அவளே பிழிந்து வைத்தாள். அப்போது உயிரோடிருந்த மாமனார் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு, "இப்பிடி நூல் மாதிரி இந்த வீட்டில ஒருத்தரும் பிழிஞ்சதில்லை" என்றார். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மறுநாள் காலை அவள் எழுந்து வந்தபோது மா அவித்து அரித்து தயாராக இருந்தது. உரல் மேசைமேல் இருந்தது. அதற்குப் பிறகு அது அலமாரிக்குத் திரும்பிப் போகவே இல்லை.

இன்றைக்குப் புது வேலைக்குப் போகும் நாள். எண்பத்து நாலாம் வருஷம், தைப்பூசம் முடிந்த வாரம். அதுவரை சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் எண்களைக் கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றுகிற வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமுக்குத் தீனி போடுவது. அதைச் செய்துகொண்டே மாலை வகுப்புக்குப் போய் கோபால் என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்து, பரீட்சையில் தேறி, லெபோ அம்பாங் தெருவில் ஒரு காப்புறுதி கம்பெனியில் புரோகிராமர் ஆகிவிட்டாள்.

"முதல் மூண்டு மாசம் எதுக்கும் ஏலாது எண்டு சொல்லாதையும்" என்றான் விநாயகமூர்த்தி, இடியப்பத்தில் சொதியை ஊற்றிக்கொண்டே. "நல்ல பேர் எடுத்தால் பிறகு நீர் கேக்கிறதெல்லாம் தருவாங்கள்."

"நீங்கள் ரயில்வேயில அப்பிடித்தான் செய்தனீங்களோ?"

"நான் கவர்மென்ட். எனக்கேன் அது?"

புனிதவதி சிரிக்கவில்லை. "சிவகுருநாதன் எங்கட ஆள். வெள்ளிக்கிழமை கோயில்ல பாக்கிற முகம். குறை வராமல் நடந்துகொள், பிள்ளை" என்றார்.

அதுதான் விஷயம். கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேலாளர் சிவகுருநாதன், பிரிக்பீல்ட்ஸ் கோயில் கமிட்டியிலும் இருந்தார். அவளை ஆபீஸில் 'மிஸஸ் மூர்த்தி' என்பார். ஏதாவது வேண்டுமென்றால் 'பிள்ளை' என்பார். இந்த வித்தியாசத்தை அவள் கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

முதல் நாள் அவர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போய் மெஷினைக் காட்டினார். உள்ளே மார்கழிக் குளிர். எல்லோரும் நாற்காலி முதுகில் ஒரு சுவெட்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இதெல்லாம் பழசு, மிஸஸ் மூர்த்தி. பங்சாரில புது ஆபீஸ் வருது. ஒவ்வொருத்தர் மேசையிலும் ஒரு திரை. பாலிசி நம்பரைத் தட்டினா விவரம் அங்கேயே வந்து நிக்கும். அதுக்குத்தான் உங்களை எடுத்தோம். ஒரு மூணு மாசம் மட்டும் இந்த ரினியூவல் புரோகிராமைப் பாத்துக்கொள்ளுங்க. எழுதின சபாபதி குடும்பத்தோட ஆஸ்திரேலியா போயிட்டான்."

"பாத்துக்கிறேன் சார்" என்றாள்.

அந்தத் திரையை அவள் விளம்பரப் படத்தில்தான் பார்த்திருந்தாள். ஆனால் மினி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது அதைப் பற்றித்தான் நினைத்தாள். பழைய மெஷின் ஒருநாள் போகும். அதை மட்டும் தெரிந்தவர்களும் அதோடு போவார்கள். பங்சாருக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சி இருந்தால் எந்த ஊரிலும், எந்தக் கம்பெனியிலும் கதவு திறக்கும். முப்பது தாண்டியவளுக்கு இது இரண்டாவது தடவை வராது.

ரினியூவல் என்பது, பாலிசி எடுத்தவர்களுக்கு மாதாமாதம் போகிற நினைவூட்டல் கடிதம். புரோகிராம் ஓடும், அச்சு இயந்திரம் பெருஞ்சத்தத்தோடு கடிதங்களைத் துப்பும், தபாலில் போகும். அந்த வாரம் கவுண்டரில் ஒரே புகார். டெங்கில் பக்கம் ஒரு எஸ்டேட்டில், பக்கிரிசாமி என்ற ஒருவனுக்கு மூன்று கடிதம் போகிறது. பக்கிரிசாமி என்ற இன்னொருவனுக்கு ஒன்றும் போகவில்லை. அவனுடைய பாலிசி காலாவதியாகிவிட்டது. தபால் பகுதியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சபாபதி எழுதியதில் பிழையிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

மீனலோசனி டெங்கிலில் வளர்ந்தவள். அவள் அப்பா எஸ்டேட்டில் கிராணி, அதாவது குமாஸ்தா. காலையில் அவர் தொழிலாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டுத்தான் அவள் பல் துலக்குவாள். தகப்பன் பெயர் சேர்க்காமல் அவர் ஒருவரையும் கூப்பிட்டதில்லை. வெறும் பெயரைக் கூப்பிட்டால் நாலு பேர் கையைத் தூக்குவார்கள். அதுவும் போதாமல் குட்டை பக்கிரிசாமி, மாட்டுக்கார பக்கிரிசாமி என்று ஊர் தனியே ஒரு கணக்கு வைத்திருந்தது.

சபாபதியின் புரோகிராமை எடுத்துப் பார்த்தாள். கடிதத்தில் பெயருக்கு இடம் கொஞ்சம்தான். அதனால் மலாயில் 'இன்னாரின் மகன்' என்பதற்கு 'அனாக் லெலாக்கி' என்று வருகிற இடத்தில் கத்தரித்து, அதற்குப் பின்னால் உள்ள தகப்பன் பெயரைத் தூக்கிப் போட்டிருந்தான். மகனின் பெயர் இருந்தால் போதுமே என்று நினைத்திருப்பான். சபாபதி பிரிக்பீல்ட்ஸில் பிறந்து பிரிக்பீல்ட்ஸில் படித்தவன். ஒரே விலாசத்தில் ஐந்து பக்கிரிசாமி இருப்பார்கள் என்பது அவன் புத்திக்கு எட்டியிருக்காது. எல்லாக் கடிதமும் எஸ்டேட் ஆபீஸுக்குத்தான் போகும். கிராணி கையில் அகப்பட்ட பக்கிரிசாமியிடம் கொடுத்துவிடுவார்.

பென்சிலால் இரண்டு வரி எழுதினாள். 'அனாக் லெலாக்கி'யை இரண்டெழுத்தாகச் சுருக்கி, மிச்சமான இடத்தில் தகப்பனைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

சிவகுருநாதன் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிரிவு முழுவதும் நடந்தார். "வந்து ஒரு வாரம் ஆகலை! இதுதான் ஆரம்பம்னு சொல்றது!"

டைப் பகுதிக்குத் தலைவி மார்க்கிரட். பதினெட்டு பெண்களைக் கட்டி மேய்க்கிற, குரல் கனத்த அம்மாள். மீனலோசனியின் மேசைப் பக்கம் வந்து குனிந்தாள். "மீனா, கெட்டிக்காரிதான் நீ. ஆனா மடச்சி லா."

"ஏன் அக்கா?"

"நான் இங்க சேர்ந்த புதுசில பாஸ் என்னைக் காப்பி போடச் சொன்னாரு. போட்டேன். சீனிக்குப் பதிலா உப்பு. சாரி பாஸ், டப்பா மாறிப்போச்சுன்னேன். இன்னிக்கு வரைக்கும் என்னை யாரும் காப்பி கேட்டதில்லை."

மீனலோசனி சிரித்தாள். அது ஒரு வேடிக்கைக் கதை என்றுதான் அப்போது நினைத்தாள்.

அந்த மாதக் கடைசியில் ரினியூவலை ஓட்டுகிற ஆப்பரேட்டர் லீவில் போனான். "சனிக்கிழமை மத்தியானம் ஒருக்கா வந்து பாத்துக்கொள்ள முடியுமா, பிள்ளை?" என்றார் சிவகுருநாதன். "முடியும் சார்" என்றாள். ஆப்பரேட்டர் திரும்பி வந்த பிறகும் சனிக்கிழமை அவளுக்கே இருந்தது. அடுத்தது கடிதத்தை மலாய் மொழிக்கு மாற்றும் வேலை. அதுவும் முடியும். பினாங்குக் கிளையின் பழைய கோப்புகளைச் சேர்க்க வேண்டும். அதுவும் முடியும். சபாபதி எழுதிய காட்டுக்குள் எங்கே பள்ளம், எங்கே முள் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. ரினியூவல் மீனா என்று பெயரே வந்துவிட்டது.

வீட்டில் டெலிபோன் மாமியாரின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை மீனலோசனி பின்பக்கம் துணி பிழிந்துகொண்டிருப்பாள். உள்ளே புனிதவதியின் குரல் கேட்கும். "ஓம் ஓம், வீட்டில்தான் நிக்கிறா. வேலை ஒண்டும் இல்லை. இப்ப அனுப்பிறன்." பிறகு, பின்கதவுக்கு வந்து, பெருமை தாங்காத முகத்தோடு, "மெஷின் நிண்டுபோச்சாம். நீ வந்தாத்தான் நடக்குமாம்" என்பார்.

கோயிலில் அதைவிட மோசம். சிவகுருநாதன் திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டே புனிதவதியிடம், "உங்க மருமகள் இல்லையெண்டா என்ர பிரிவைப் பூட்டிப்போட்டு வரவேண்டியதுதான்" என்பார். புனிதவதி வீடு வரும்வரை அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வருவார். ஆபீஸில் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னால், அது வெள்ளிக்கிழமை கோயிலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேரும் என்று மீனலோசனிக்குத் தெரியும்.

மூன்று மாதம் முடிந்தபோது கேட்டாள். "கொஞ்சம் பொறுங்க, மிஸஸ் மூர்த்தி. புரோகிராம் இப்பத்தான் ஒழுங்கா ஓடுது" என்றார். தீபாவளிக்குப் பிறகு பங்சாருக்கு முதல் குழு கிளம்பியது. அதில் அவள் பெயர் இல்லை. அவளுக்குப் பிறகு சேர்ந்த, முதல் வாரமே ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்ட வேலாயுதம் இருந்தான். அவனை ரினியூவல் பக்கமே யாரும் விட்டதில்லை.

"பாத்தியா?" என்றாள் மார்க்கிரட். "அவன் காப்பியில உப்பு."

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை மீனலோசனி ரொட்டியை வெட்டி அடுக்கினாள். பக்கத்தில் கயா ஜாம் போத்தல், மார்ஜரின் டப்பா, ஒரு கத்தி. உரல் இருந்த இடத்தில் இருந்தது.

விநாயகமூர்த்தி மேசையைப் பார்த்தான். "என்ன, உமக்கு உடம்புக்கு ஏலாதோ?"

"எனக்கு ஒண்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் பிழிய வேணும் எண்டு சட்டமோ?"

"அப்பிடி ஆர் சொன்னது? சும்மா கேட்டனான்." ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்றான். புனிதவதி ஒரு துண்டைத் தேநீரில் தொட்டுச் சாப்பிட்டு எழுந்து போனார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மீனலோசனிக்கு பஸ்ஸில் கால் லேசாக இருந்தது.

மாலை வீடு வந்தாள். உரலைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, வெள்ளைத் துணியால் மூடி மேசை நடுவில் வைத்திருந்தது. பக்கத்தில் மா, அவித்து அரித்து.

"நீ களைச்சுப்போனாய் எண்டு தெரியும், பிள்ளை" என்றார் புனிதவதி. "அதுதான் மாவை நானே அவிச்சு வைச்சிட்டன். நாளைக்கு உனக்குப் பிழியிற வேலை மட்டும்தான்."

அந்தக் குரலில் கோபம் துளிகூட இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை அவள் பிழிந்தாள். வழக்கம்போல நூல் மாதிரித்தான் வந்தது. கட்டியாகப் பிழிவதற்கும் கை பழக்கப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில், பங்சாருக்கு இரண்டாவது குழு என்று பேச்சு வந்தது. இதுதான் கடைசி. இதற்குப் பிறகு அங்கே ஆள் எடுப்பதாக இல்லை. மீனலோசனி நேராக மேலாளர் அறைக்குப் போய், உட்காரச் சொல்வதற்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னை அனுப்புங்க சார்."

சிவகுருநாதன் கண்ணாடியைக் கழற்றி டையால் துடைத்தார். "அனுப்ப எனக்கு மனமில்லையா, பிள்ளை? ரினியூவலை ஆர் பார்க்கிறது? நீங்க வந்த முதல் வாரத்திலேயே அதைத் தூக்கி நிறுத்தினீங்க. இப்ப இறக்கி வைக்க ஒரு ஆள் வேணுமே."

"அப்ப நல்லா செய்ததுதான் பிழையா சார்?"

"சே, சே. என்ன பேச்சு." அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம். கெட்ட மனிதர் இல்லை அவர். பிரிவு நடக்க வேண்டும், அவ்வளவுதான். "அடுத்த வாரம் புதுப் பிள்ளை ஒண்ணு வருது. பழக்கிவிடுங்க. அது தனியாப் பாத்துக்கிறேன்னு வாயால சொன்னா, உங்க பேரை அன்றைக்கே பங்சாருக்கு அனுப்பிறேன். கோயில் சத்தியம்."

வந்தது நூருன்னிசா. கிள்ளான்காரி. அவள் அத்தா நஜ்முதீன் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். விடிவதற்குள் பஸ் ஏறி, எல்லோருக்கும் முன்னால் வந்து, சுவெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காகிதப் பெட்டியை மற்றவர்கள் ஆபீஸ் பையனைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வார்கள், இவளே தூக்குவாள். எதைச் சொன்னாலும் "செய்றேன் அக்கா, அது ஒரு வேலையா லா" என்பாள். கேட்கும்போதெல்லாம் மீனலோசனிக்கு முதுகில் ஏதோ ஊர்வது போலிருக்கும்.

வாரம் முடிவதற்குள் நூருன்னிசா ஒரு கட்டுக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க புரோகிராம்ல ஒண்ணு."

"சொல்லு."

"எங்க கடைக்கு மேல தங்குறவங்கள்ல அப்துல் ஜலீல் மட்டும் மூணு பேர். 'அப்துல் ஜலீல் பின் முகமது'ன்னு வந்து இடம் முடிஞ்சு நின்னுடுது. முகமதுக்கு அப்புறம்தானே அக்கா அத்தா பேர் வேற வேற! எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு அத்தா பேரு முகமதுலதான் ஆரம்பிக்கும். போன மாசம் இவர் கடுதாசியை அவர் பிரிச்சு, மாடியில ஒரே சண்டை. எங்க அத்தாதான் விலக்கிவிட்டாரு."

மீனலோசனி கடிதத்தைப் பார்த்தாள். மகன் என்று சொல்கிற 'பின்'னுக்கு அப்புறம் வெறும் முகமதுதான் இருந்தது. சரிதான். பக்கிரிசாமிகளைத் தெரிந்தவளுக்கு அப்துல் ஜலீல்களைத் தெரியவில்லை. "என்ன செய்யலாம்னு நினைக்கிறே?"

"மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளிடலாம் அக்கா. எழுதிட்டேன்." பென்சிலால் இரண்டு வரி.

சிவகுருநாதன் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிரிவு முழுவதும் நடந்தார். "வந்து ஒரு வாரம் ஆகலை!"

மார்க்கிரட் இந்தத் தடவை மேசை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆள் வந்தாச்சு. இனி நீ ஒண்ணும் செய்ய வேணாம். வாயைத் திறக்காம இரு, போதும்."

"சின்னப் பொண்ணு அக்கா."

"நீ வந்தப்போ நான் உன்கிட்ட சொன்னேன். நீ கேட்டியா? சிரிச்சே."

பங்சாருக்குப் பெயர் அனுப்ப வேண்டிய நாள் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் கீழே போயிருந்தார்கள். அச்சு இயந்திரம் நின்றிருந்ததால் அறை வழக்கத்துக்கு மாறாக அமைதி. மீனலோசனி டிபன் கேரியரைத் திறந்திருந்தாள். காலையில் பிழிந்ததில் மிஞ்சிய இடியப்பம். மேலாளர் அறையிலிருந்து நூருன்னிசா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கன்னமெல்லாம் சிவப்பு.

"அக்கா! சார் கேட்டாரு. 'ரினியூவல் முழுசும் உன்கிட்ட தரட்டுமா, தனியா பாத்துக்குவியா'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"உடனே முடியும்னு சொல்ல வந்தேன். அப்புறம், அக்காவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்னு சொல்லிட்டேன். அவங்கதானே கத்துக்கொடுத்தாங்கன்னு." நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "மூணு மாசம் மட்டும்தானாம் அக்கா. அதுக்கப்புறம் என்னையும் பங்சாருக்கு அனுப்புறேன்னு சொல்றாரு. எங்க அத்தா கேட்டா கடையில எல்லாருக்கும் பிரியாணி போடுவாரு."

மீனலோசனி டிபன் கேரியரின் மூடியைத் திருகினாள். அது சரியாக உட்காரவில்லை. திரும்பத் திறந்து, திரும்பத் திருகினாள். ரினியூவல் காகிதங்களின் பச்சைக் கோடுகள் மேசை முழுவதும் விரிந்து கிடந்தன. ஓரங்களில் அவளுடைய பென்சில் எழுத்து; அங்கங்கே நூருன்னிசாவின் பென்சில் எழுத்து. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தன. நூருன்னிசா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலாளர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சிவகுருநாதன் டெலிபோனில் சிரிப்பது கேட்டது.

"நல்ல ஆரம்பம்தானே அக்கா?"

மீனலோசனி எழுந்து, நாற்காலி முதுகிலிருந்து சுவெட்டரை எடுத்து மடித்தாள். மடித்ததைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"டைப்ல பேசிக்கிட்டாங்க, உங்களுக்கும் சேரும்போது மூணு மாசம்தானே சொன்னாரு? நீங்க வந்து எவ்வளவு நாளாச்சு அக்கா?"

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டிபன் கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டு, மீனலோசனி, மார்க்கிரட் சொன்னது போல வாயைத் திறக்காமல், கதவைத் திறந்து வெளியே போனாள்.